கிளவுடில் இருப்பது போக, கையிலும் ஒரு பிரதி: எப்படி வைத்திருக்கிறீர்கள்?

#1 மகிழினி

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் என் கிளவுட் கணக்கு திடீரென்று முடங்கியது. காலையில் மடிக்கணினியைத் திறந்தால், "விதிமீறல் காரணமாக இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தக் கோப்பு என்று ஒன்றும் இல்லை. மேல்முறையீட்டுப் படிவத்தில் தொடர்புக்கு வேறொரு மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். என்னிடம் வேறு முகவரியே கிடையாது. அக்காவின் முகவரியைக் கொடுத்தேன்.

11 நாள் கழித்துக் கணக்கு திரும்பி வந்தது. காரணம் இன்றுவரை தெரியாது. நான் மொழிபெயர்ப்பாளர். ஏழு வருட வேலை, கலைச்சொல் பட்டியல்கள், பாதியில் நின்ற ஒரு நூல், எல்லாம் அங்கேதான் இருந்தன. அவற்றையாவது மறுபடி செய்துகொள்ளலாம். அம்மா எனக்கு அனுப்பிய குரல் பதிவுகளும் அதே கணக்கில்தான் இருந்தன. அம்மா இப்போது இல்லை. அந்த 11 நாளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

மொத்தம் 340 ஜிபி இருக்கும். கிளவுடை விட்டுவிடும் எண்ணம் இல்லை, அது இல்லாமல் என் வேலை நடக்காது. அதோடு கூட வீட்டிலும் ஒரு பிரதி வேண்டும், அதுவும் பாதுகாப்பாக. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

#2 பூவரசு

உங்களுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஒரே கோப்பைப் பல இடங்களில் வைத்திருக்கின்றன. டிஸ்க் பழுதானால் நமக்குத் தெரியாமலே மாற்றிவிடுவார்கள். வீட்டு ஹார்ட் டிஸ்க் கீழே விழும், நீர் படும், திருடு போகும், நாலைந்து வருடத்தில் தானாகவே நின்றும் போகும். அவர்களைவிட நாம் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றவில்லை. முடங்கிய கணக்கும் 11 நாளில் வந்துவிட்டதே. இதற்காக மாதாமாதம் டிஸ்க்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

#3 கல்வெட்டு

பூவரசு, டிஸ்க் பழுது விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதை அவர்கள் நம்மைவிடப் பல மடங்கு நன்றாகச் சமாளிக்கிறார்கள். பதினைந்து வருடமாக சர்வர் பார்க்கிறேன். டிஸ்க் பழுதால் கிளவுடில் கோப்பு போய்விட்டது என்று என்னிடம் வந்தவர் ஒருவர்கூட இல்லை. வந்ததெல்லாம் வேறு வகை. கை தவறி அழித்தது, கணக்கு முடங்கியது, பாஸ்வேர்டு திருடு போனது, கணினியையும் கிளவுடையும் ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க் மென்பொருள் குழம்பியது. இவற்றுக்கு முன்னால் பிரதிகளின் எண்ணிக்கை எதுவும் செய்யாது. "அழி" என்ற கட்டளை எல்லாப் பிரதிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குத்தான் சிங்க் என்று பெயர்.

2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயில் பயனர்களில் ஏறத்தாழ 0.02 சதவீதம் பேர் உள்ளே நுழைந்தபோது அஞ்சல்பெட்டி காலியாக இருந்தது. சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்ததில் வந்த பிழை. பல தரவு மையங்களில் பிரதிகள் இருந்தும் பிழை அவற்றையும் தொட்டுவிட்டது. கடைசியில் காந்த நாடாவிலிருந்துதான் மீட்டார்கள். நாடா பிணையத்தோடு (நெட்வொர்க்கோடு) இணையாமல் இருந்ததால் பிழை அதை எட்டவில்லை என்று கூகுளே விளக்கம் எழுதியது. கிளவுடை நடத்துகிறவர்களே கழற்றி வைத்த பிரதி ஒன்று வைத்திருந்தார்கள் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம், மற்றவர்களின் நிரல்களைப் பாதுகாத்து வைக்கும் சேவை. எவனோ அவர்களுடைய அமேசான் கிளவுடின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினான். இவர்கள் அவனை வெளியேற்றப் பார்த்தபோது தரவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தான். இரண்டும் ஒரே கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருந்தன. நிறுவனத்தையே மூட வேண்டியதாயிற்று.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கும் அடி விழுந்தது. கூகுள் கிளவுட் பக்கம் நடந்த ஓர் அமைப்புப் பிழையால் அவர்களுடைய தளமே அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேலான உறுப்பினர்கள் பல நாள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தார்கள். மீண்டு வர அது கைகொடுத்தது.

#4 பூவரசு

சரி, கணக்குதான் பலவீனமான இடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் யூனிசூப்பர் செய்ததையே நாமும் செய்யலாமே. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கிளவுட். டிஸ்க் எதற்கு?

#5 நள்ளிரவு_நிரலர்

இரண்டு கிளவுட் ஒன்றைவிட நல்லதுதான். ஆனால் இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டாவது கணக்கின் பாஸ்வேர்டு மறந்துபோனால் மீட்பு மின்னஞ்சல் எங்கே போகிறது? பெரும்பாலானோருக்கு முதல் கணக்குக்குத்தான் போகும். இரண்டுக்கும் உறுதிப்படுத்தும் எண் ஒரே ஃபோனுக்கு வரும். இரண்டிலும் ஒரே மடிக்கணினியில் எப்போதும் உள்நுழைந்தே இருப்போம். அந்த மடிக்கணினியில் உட்கார்ந்தவன் இரண்டையும் காலி செய்யலாம்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் பிணையத்தைச் சில நிமிடங்களில் துடைத்தெடுத்தது. எந்த ஊழியர், எந்தக் கணினி, யாருக்கு என்ன அனுமதி என்ற அடிப்படைப் பதிவேடு உலகம் முழுக்க சுமார் 150 சர்வர்களில் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று என்று ஒன்றுக்கொன்று சிங்க் ஆகிக்கொண்டே இருந்தவை. அத்தனையும் ஒன்றாகப் போயின. ஒன்றே ஒன்று மிஞ்சியது, கானாவில். தாக்குதலுக்கு முன்பே அங்கே மின்சாரம் போய் அந்த சர்வர் பிணையத்திலிருந்து விலகியிருந்தது. அதை வைத்துத்தான் மொத்தத்தையும் மறுபடி கட்டினார்கள்.

ஒரு மின்வெட்டு தற்செயலாகச் செய்ததை நாம் திட்டமிட்டுச் செய்வதுதான் ஆஃப்லைன் பேக்கப். கம்பியைக் கழற்றி வைப்பது.

#6 தூரிகை

"கழற்றி வைப்பது" என்பதை நான் அடிக்கோடிடுகிறேன். நான் புகைப்படக்காரன். எனக்குக் கிளவுடும் இருந்தது, 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. ஒரே பிழை, டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருந்தேன். தினமும் தானாகப் பேக்கப் ஆகட்டும் என்ற நினைப்பு.

ஒரு நாள் படங்களின் பெயர்களுக்குப் பின்னால் ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. திறந்தால் திறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஃபோல்டரில் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தன. முதலில் கணினி, அப்புறம் டிஸ்க். கிளவுட் செயலியோ அந்தக் கெட்டுப்போன கோப்புகளை "புதிய மாற்றம்" என்று மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நாசகார மென்பொருள், பணம் கேட்ட குறிப்பு ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருந்தது. கிளவுடில் பழைய பதிப்புகள் 30 நாள் வரை இருந்ததால் பெரும்பகுதியை மீட்டேன். டிஸ்க்கில் மட்டும் இருந்த ராக் கோப்புகள் (கேமரா பதிவு செய்த மூலப் படங்கள்), இரண்டு வருட வேலை, போயே போய்விட்டன.

இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று தம்பி வீட்டில். மாதம் ஒருமுறை இடம் மாற்றுகிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் செருகுவதே இல்லை. எங்கள் துறையில் 3-2-1 என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர்தான் இதைப் பரவலாக்கினார். மகிழினிக்குக் கிளவுடே வெளியூர்ப் பிரதிபோல இருந்தாலும், கணக்கு முடங்கினால் அது கணக்கில் சேராது. அதனால் இரண்டு டிஸ்க் வாங்குங்கள்.

#7 மகிழினி

எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு டிஸ்க் வாங்கிக் கிளவுட் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது, அதுவே சந்தேகமாக இருந்தது. பார்த்தால் என் மொழிபெயர்ப்புக் கோப்புகள் ஒவ்வொன்றும் 1 கேபி. 400 பக்க நூலும் 1 கேபி, ஒரு பக்கக் கடிதமும் 1 கேபி. இது சரியா?

#8 கல்வெட்டு

சரியில்லை. நல்லவேளை, அளவைப் பார்த்தீர்கள்.

கூகுள் டாக்ஸில் நேரடியாக எழுதியவற்றுக்கு உங்கள் கணினியில் கோப்பே கிடையாது. அங்கே தெரிவது ஒரு முகவரிச் சீட்டு மட்டும். அதைத் திறந்தால் பிரவுசர் திறந்து சர்வரில் உள்ள ஆவணத்துக்குப் போகும். கணக்கு முடங்கினால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் ஆப்பிளின் ஐக்லவுடிலும் இதன் வேறு வடிவம் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு உள்ளடக்கத்தை மேலேயே வைத்திருப்பார்கள். "எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு" என்று குறித்து, முழுக்க இறங்கிய பிறகுதான் நகல் எடுக்க வேண்டும்.

டாக்ஸ் வகைக் கோப்புகளை, கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் சேவை வழியாக ஏற்றுமதி செய்யுங்கள். வேர்டு, எக்செல் வடிவத்தில் வரும். கட்டுகளாகப் பிரித்துத் தருவார்கள், ஒரு கட்டு அதிகபட்சம் 50 ஜிபி வரை வைக்கலாம். உங்கள் இணையம் அடிக்கடி அறுந்தால் சிறிய அளவே நல்லது. பதிவிறக்க இணைப்பு சில நாட்கள்தான் உயிரோடு இருக்கும், அதனால் அஞ்சல் வந்ததும் இறக்கிவிடுங்கள். புகைப்படங்களோடு ஜேசன் என்ற சின்னக் கோப்புகளும் வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். படம் எடுத்த தேதி, இடம், நீங்கள் எழுதிய விளக்கம் எல்லாம் அதில் இருக்கும்.

#9 நள்ளிரவு_நிரலர்

டிஸ்க் வகை பற்றி ஒரு வார்த்தை. அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கப்போகும் பிரதிக்கு, சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கே என் தேர்வு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை தரவை மின்னூட்டமாக வைத்திருக்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். இந்தத் துறைக்கு விதி வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையின்படி, எழுதும் ஆயுளைத் தீர்த்துவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஒரு வருடம் தாங்கினால் போதும். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும், வெப்பம் கூடினால் குறையும். பென் டிரைவ் எடுத்துச்செல்ல மட்டும். ஹார்ட் டிஸ்க்கையும் சும்மா விடக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செருகிப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், திருடு போனால் யாரும் திறக்க முடியாதபடி கட்டாயம் என்கிரிப்ட் செய்யுங்கள், அதாவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். விண்டோஸ் என்றால் பிட்லாக்கர், மேக் என்றால் அதிலேயே உள்ள டிஸ்க் என்கிரிப்ஷன், லினக்ஸ் என்றால் லக்ஸ், எல்லாவற்றிலும் திறக்க வேண்டுமானால் வெராகிரிப்ட்.

#10 அறிவழகி

நான் இதை மறுக்கிறேன். கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்யச் சொல்லாதீர்கள்.

அப்பா ஒழுங்கானவர். எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் போட்டு, பாஸ்வேர்டும் போட்டு வைத்திருந்தார். திடீரென்று போய்விட்டார். டிஸ்க்கின் மேல் அவர் கையெழுத்தில் "குடும்பம், முழுவதும்" என்று ஒட்டியிருக்கிறது. திறக்க முடியவில்லை. எங்கள் பிறந்தநாள், அம்மா பெயர், அவர் பழைய வண்டியின் எண், எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். மூன்று வருடமாக என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்து எறியவும் மனம் வரவில்லை.

அவருடைய கிளவுட் கணக்கும் நிரந்தரம் இல்லை. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியது. திருடனைவிட மறதியும் மரணமும்தான் எங்கள் வீட்டில் அதிகம் எடுத்துக்கொண்டன.

#11 நள்ளிரவு_நிரலர்

அக்கா, மன்னியுங்கள். நான் திருடனை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன். அப்பாவின் டிஸ்க்கை எறியாதீர்கள். எந்த மென்பொருளால் பூட்டினார் என்று தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பிட்லாக்கர் என்றால் 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. அவர் அச்சிட்டு எங்காவது ஒரு கோப்புறையில் வைத்திருக்கலாம், அல்லது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கலாம். அந்தக் கணக்குக்குள் போக வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

#12 கல்வெட்டு

அறிவழகி சொன்னதை நான் இந்த இழையின் மையமாகவே எடுத்துக்கொள்கிறேன். கிளவுடிலிருந்து டிஸ்க்குக்குக் கோப்பு வந்துவிட்டது, ஆனால் அதைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மீட்பு எண் அதே கிளவுட் கணக்கில், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் செயலியும் அதே கிளவுட் கணக்கில். கணக்கு முடங்கிய அன்று கையில் டிஸ்க் இருந்தும் பூட்டிய பெட்டிதான் மிஞ்சும்.

நான் செய்வது இது. டிஸ்க்குக்கு ஆறேழு சொற்கள் கொண்ட நீண்ட பாஸ்வேர்டு. அதைக் காகிதத்தில் பேனாவால் எழுதி இரண்டு உறைகள். ஒன்று வீட்டு ஆவணங்களோடு, இன்னொன்று நான் நம்பும் ஒருவரிடம். டிஸ்க் இருக்கும் இடத்தில் அதன் உறை இருக்காது. உறைக்குள் பாஸ்வேர்டோடு, எந்த மென்பொருளால் திறக்க வேண்டும், எப்படிச் செருக வேண்டும் என்று கணினி அதிகம் தெரியாத என் மனைவிக்குப் புரியும்படி எட்டு வரி எழுதியிருக்கிறேன். கிளவுட் கணக்கின் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான மீட்புக் குறியீடுகளும் அதே காகிதத்தில்.

குடும்பப் படங்கள் போன்றவற்றை பூட்டாமலே இன்னொரு டிஸ்க்கில் வைப்பதில் தவறில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பூட்டு தேவையில்லை.

வெராகிரிப்டால் முழு டிஸ்க்கையும் பூட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த டிஸ்க்கை விண்டோஸில் செருகியதும், "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸுக்கு உள்ளே இருப்பது புரியாததால் கேட்கிறது. ஆம் என்று அழுத்திவிட்டால் பெரும் சிக்கல். என் டிஸ்க்கின் மேல் சிவப்பு மையில் "ஃபார்மட் கேட்கும், வேண்டாம் என்று சொல்" என்று ஒட்டியிருக்கிறேன். ஹெடர் (பூட்டைத் திறக்கத் தேவையான விவரம் இருக்கும் தொடக்கப் பகுதி) பேக்கப் என்று ஒரு வசதி அந்த மென்பொருளில் இருக்கிறது. அதையும் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஹெடர் கெட்டால் சரியான பாஸ்வேர்டு இருந்தும் திறக்காது.

#13 பூவரசு

நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு விஷயம் வரும் என்று நினைக்கவில்லை. இன்னொன்று கேட்கிறேன். பெரிய நிறுவனங்கள், அரசுகள் இதையெல்லாம் சரியாகத்தானே செய்யும்?

#14 கல்வெட்டு

எப்போதும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜியான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற கிளவுட் முழுக்க எரிந்தது, 858 டெராபைட். அளவு பெரியது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

பேக்கப் எடுத்தும் ஏமாந்தவர்கள் உண்டு. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் சேவையின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. மீட்கப் போனபோது ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. அவர்கள் இதை ஒளிக்காமல் முழுக்க எழுதி வெளியிட்டார்கள், அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன்.

மகிழினி, உங்கள் டிஸ்க் தயாரானதும் அதை வேறொரு கணினியில் செருகுங்கள். இணையத்தை அணைத்துவிடுங்கள். உறையில் உள்ள காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு திறக்க முடிகிறதா என்று பாருங்கள். கோப்புப் பெயர்கள் தெரிந்தால் போதாது. பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்து படியுங்கள், கேளுங்கள். நகல் எடுத்ததும் எஸ்எச்ஏ-256 கூட்டெண் (ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற எண்) பட்டியல் ஒன்று உருவாக்கி டிஸ்க்கிலேயே வையுங்கள். அடுத்த வருடம் அதே பட்டியலோடு ஒப்பிட்டால் எந்தக் கோப்பிலாவது ஓர் எழுத்து மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

#15 மகிழினி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எழுதாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆவேன்.

இரண்டு டிஸ்க், இரண்டும் பூட்டியவை. ஒன்று அக்கா வீட்டில். உறைகள் இரண்டும் தயார். அக்கா வீட்டு டிஸ்க்கின் உறை என்னிடம், என் டிஸ்க்கின் உறை அக்காவிடம். கல்வெட்டு அண்ணா சொன்னபடி அக்காவின் மடிக்கணினியில் இணையத்தை அணைத்துவிட்டுச் சோதித்தோம். நான் பேசாமல் உட்கார்ந்தேன், அக்கா காகிதத்தைப் பார்த்துத் திறந்தாள். முதல் தடவை திறக்கவில்லை. நான் எழுதிய "ள" அவளுக்கு "ன" மாதிரித் தெரிந்திருக்கிறது. தெளிவாக, இடம் விட்டு, மறுபடி எழுதி வைத்தேன்.

திறந்த பிறகு இன்னொரு ஓட்டை தெரிந்தது. பாதியில் நின்ற அந்த நூல் டிஸ்க்கில் இல்லவே இல்லை. யோசித்தால், அது உடன்மொழிபெயர்ப்பாளர் தொடங்கி என்னோடு பகிர்ந்த ஆவணம். அது அவருடைய கணக்குக்குச் சொந்தம், அதனால் என் ஏற்றுமதிக் கட்டில் வரவில்லை. அவர் நாளை அழித்தால் எனக்கும் போயிருக்கும். தனியாக இறக்கிச் சேர்த்துவிட்டேன். மற்றவர்களும் உங்களோடு பகிரப்பட்ட ஆவணங்களை ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக அம்மாவின் பதிவு ஒன்றைப் போட்டோம். "சாப்பிட்டியா, ஏன் ஃபோன் எடுக்கல" என்று 14 விநாடி. அக்கா அதை இதற்கு முன் கேட்டதில்லை. இன்னொரு முறை போடச் சொன்னாள்.

#16 பூவரசு

படித்தேன். நானும் டிஸ்க் வாங்கிவிட்டேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

#17 கல்வெட்டு

எத்தனை நாள் வேலை போனால் உங்களால் தாங்க முடியும் என்று பாருங்கள், அதுதான் இடைவெளி. எனக்கு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. புதுப்பிக்கும்போது பழைய கோப்புகளை டிஸ்க்கிலிருந்து தானாக அழிக்கும் வசதியை முதல் வருடம் அணைத்தே வையுங்கள். முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

#18 அறிவழகி

நள்ளிரவு_நிரலருக்கு: பிட்லாக்கர்தான். அப்பாவின் பழைய கோப்புறைகளை இந்த வாரம் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். எட்டில் மூன்று முடிந்தது.